தீவகத்துத் திருத்தகத் தொழிலாளருக்கு ஒரு திறந்த மடல்

தீவகத்தில் சைக்கிளும் தையல் மெசினும் படகு யந்திரமும் திருத்தி ஜீவனம் நடத்தும் சகோதரர்களுக்கு,



புங்குடுதீவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே உரிய அனுமதிப்பத்திரத்தோடு பழைய பிரித்தானிய இராணுவத் துவக்கு ஒன்றைச் சேகரிப்புப் பொருளாக வைத்திருக்கும் உறவினர் ஒருவர், அதன் மரக்கட்டையைப் பிடித்துநிற்கும் திருகாணிகள் துருவேறித் தலை சிதைந்துவிட்டன என்றும், அவற்றுக்குப் பதிலாக மலிவான திருகாணி எங்கே அகப்படும் என்றும் விசாரித்து அண்மையில் எனக்கு எழுதியிருந்தார். துவக்குக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. துவக்கு என்ற பேச்சை எடுத்தாலே முகம் மாறுவோர் நம் தீவுகளில் இன்றும் அநேகர் உளர், அதன் காரணத்தை உங்களுக்கு விளக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆயினும் அவருடைய கேள்வியிலிருந்து துவக்கை மாத்திரம் எடுத்துவிட்டுப் பார்த்தால், அது ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் நாள்தோறும் உங்கள் பட்டறை வாசலுக்கு வரும் கேள்வியேயாகும். சாமான் நல்ல நிலையில் இருக்கிறது, ஒரு திருகாணி மட்டும் இல்லை, கடையில் வாங்கியது பொருந்தவில்லை, என்ன செய்யலாம்? இந்தக் கேள்வியைப் பற்றியே உங்களோடு சற்று விஸ்தாரமாகப் பேச விரும்புகிறேன்.

நம் வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய யந்திரங்கள் பெரும்பாலும் பிரித்தானியப் பொருள்கள், அல்லது அவற்றின் வழிவந்தவை. பாட்டனார் காலத்து றலி சைக்கிள், பாட்டியாரின் சிங்கர் மெசின், யாழ்ப்பாணத்து வாடகைச் சாரதிகள் தலைமுறை கடந்தும் கைவிடாத ஏ-40 கார், இவை யாவும் அங்குலக் கணக்கில் புரி வெட்டப்பட்டவை. இன்று இரும்புச் சாமான் கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைப்பனவோ மில்லிமீற்றர்க் கணக்கில் வெட்டப்பட்டவை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள் நீங்கள். துளையைப் பெருக்கிப் புதுப் புரி வெட்டுவது, கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றை வலிந்து இறுக்குவது, அதுவும் சரிவராவிட்டால் பற்றவைத்து ஒரேயடியாக மூடிவிடுவது என்ற மூன்று உபாயங்களே பட்டறைகளில் வழக்கமாகிவிட்டன. வாடிக்கையாளர் வாசலில் காத்துநிற்கையில் வேறென்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் இம்மூன்றும் அன்றைய கூலிக்கு உதவுமேயன்றி, அந்த யந்திரத்தின் ஆயுளுக்கு உதவமாட்டா.

இவற்றுள் மிகவும் மோசமானது, கிட்டத்தட்டப் பொருந்துவதை வலிந்து இறுக்கும் உபாயம். கால் அங்குலத் திருகாணியை எடுத்துக்கொள்வோம். பழைய பிரித்தானியச் சைக்கிள்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் அங்குலத்துக்கு 26 சுற்றாக வெட்டப்பட்ட கால் அங்குலத் திருகாணி சர்வசாதாரணம். அதன் விட்டம் 6.35 மில்லிமீற்றர், ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றே குறைவு, நுட்பமாகச் சொன்னால் 0.977. கடையில் கிடைக்கும் ஆறு மில்லிமீற்றர் போல்ட்டின் புரித்தூரமோ சரியாக ஒரு மில்லிமீற்றர். ஆகவே அது அந்தத் துளைக்குள் விரலாலேயே ஏறிவிடும். ஸ்பானரை வைத்து இறுக்கினால் இறுகிய பாவனையும் காட்டும். திருத்துபவரும் கையைத் துடைத்துக்கொண்டு கூலியை வாங்கிவிடுவார். ஆனால் விட்டத்தில் உள்ள மூன்றிலொரு மில்லிமீற்றர் குறையினால் புரியின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். பாரம் ஏறிய அன்று, பெரும்பாலும் பண்ணைப் பாலத்தின் நடுவில், அந்த நுனிகள் வழித்துக்கொண்டு போகும். அப்போது கழிவது போல்ட்டின் புரி மட்டுமல்ல, துளையின் புரியுங்கூட. உறவு கொண்டாடி வந்து வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தைக் கெடுக்கும் மனிதனைப் போன்றது இந்த ஆறு மில்லிமீற்றர் போல்ட். சற்றும் பொருந்தாத திருகாணி வாசலிலேயே நின்றுவிடும். அதனால் ஒரு நட்டமும் இல்லை.

ஏன் இத்தனை வகைப் புரிகள்? ஆதியில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய அளவில் புரி வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையின் மரை மறு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. 1841இல் ஜோசப் விட்வேர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், புரியின் கோணம் 55 பாகையாக இருக்கவேண்டும், இன்ன விட்டத்துக்கு இத்தனை சுற்று என்று வகுத்தார். அவருடைய புரி முரட்டுப் புரி, கால் அங்குல விட்டமானால் அங்குலத்துக்கு 20 சுற்று. பின்னர் கருவிகளுக்கும் மின்சாரச் சாமான்களுக்கும் ஏற்ற சிறிய புரியைப் பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தின் குழு 1884இல் வகுத்தது. அதன் கோணம் 47½ பாகை. 1908இல் நுண்புரி என்று ஒன்று வந்தது. சைக்கிள்காரர்கள் தங்களுக்கெனத் தனி வரிசை ஒன்றை வைத்துக்கொண்டார்கள். கடைசியில் உலகம் ஏறக்குறைய முழுவதும் 60 பாகைக் கோணமுள்ள மில்லிமீற்றர்ப் புரிக்கு மாறிவிட்டது. புரி சாத்திரத்தின் பிதாவாகிய அந்த விட்வேர்த்தே அறுகோணக் குழாயுடைய துவக்கு ஒன்றையும் செய்து, பிரித்தானியப் படையின் பரீட்சையில் மற்றவற்றை வென்றார் என்பதும், செலவு முதலிய காரணங்களால் அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்பதும், என் உறவினரின் கேள்விக்குப் பொருத்தமானவை என்பதனால் இங்கே குறிப்பிடுகிறேன்.

துவக்குத் தொழிலுக்கும் நம் வீட்டு யந்திரங்களுக்கும் உள்ள பந்தம் அதனோடு முடிவதில்லை. நீங்கள் நாளும் பொழுதும் கையாளும் பி.எஸ்.ஏ. என்ற பெயர், பேர்மிங்காம் நகரத்துத் துவக்குக் கொல்லர்கள் 1861இல் கூடி அமைத்த கம்பெனியின் பெயர்; ஒன்றோடொன்று சாய்த்துவைத்த மூன்று துவக்குகளே அதன் சின்னம். துவக்கு விற்பனை மந்தமான காலத்தில் அவர்கள் சைக்கிள் செய்யத் தலைப்பட்டார்கள். பிற்காலத்தில் அதே பெயரில் சென்னையில் சைக்கிள் வந்தது. றோயல் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிளின் பழைய விளம்பர வாசகமே, அது துவக்கைப்போல் செய்யப்பட்டது என்பதுதான். சுவீடன் தேசத்து ஹஸ்க்வார்ணா 1689இல் துவக்குத் தொழிற்சாலையாகத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழித்துத் தையல் மெசின் செய்தது. மறுபுறமாக, தையல் மெசின் செய்த சிங்கர் கம்பெனி, இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் கட்டளைப்படி 500 கைத்துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. சேகரிப்போர் இன்று அவற்றுக்குக் கொடுக்கும் விலையைக் கேட்டால் நமக்குத் தலைசுற்றும். உயிரைப் போக்கும் கருவிக்கென்று வளர்ந்த நுட்பம் சட்டை தைக்கவும் பள்ளிக்கூடம் போகவும் பயன்பட்டது நல்ல காரியமே. ஆனால் துவக்குக் கொல்லனின் கெட்ட பழக்கம் ஒன்றும் அதனோடு கூடவே வந்துவிட்டது. அதாவது, தன் திருகாணி பிறருடையதில் ஏறக்கூடாது என்னும் பிடிவாதம்.

இந்தப் பிடிவாதத்தின் பலனைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்புவோர் றலி சைக்கிளின் மிதியச்சைக் கழற்றிப் பார்க்கலாம். அச்சின் குண்டுகள் ஓடும் இரண்டு கப்புகளும் சட்டத்தில் புரியிட்டுத் திருகப்பட்டிருக்கும். இன்று விற்பனைக்கு வரும் சைக்கிள்களிலே பரவலாக வழங்குவது பி.எஸ்.ஏ. புரி, அங்குலத்துக்கு 24 சுற்று. பழைய நொட்டிங்காம் றலியில் ஏறக்குறைய அதே விட்டம், ஆனால் 26 சுற்று. புதிய கப்பை அதற்குள் வைத்தால் முதலில் சாதுவாக ஏறும், பிறகு இறுகும், துருவினால்தான் இறுகுகிறது என்று எண்ணி நீண்ட ஸ்பானரை மாட்டித் திருகினால், சட்டத்தின் புரி வழிக்கப்பட்டு, அந்தச் சைக்கிள் அன்றோடு பழைய இரும்பாகிவிடும். போதாததற்கு வலப்பக்கக் கப்பு இடம்புரியாக வெட்டப்பட்டது. அதை அறியாமல் கழற்ற முயன்று மேலும் இறுக்கி உடைத்த கப்புகளை நம் பட்டறைகளின் மூலைகளில் இன்றும் காணலாம்.

தையல் மெசினின் விஷயம் இதைவிட விசித்திரமானது. சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங் தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட அதன் இரும்புடல்கள் நூறாண்டு கழிந்தும் ஓடுகின்றன. அந்தத் தொழிற்சாலையோ 1980இல் மூடப்பட்டுவிட்டது. சிங்கர் வெட்டிய புரிகள் விட்வேர்த்தின் வரிசையிலும் இல்லை, மில்லிமீற்றர் வரிசையிலும் இல்லை. 9/64 அங்குல விட்டத்துக்கு 40 சுற்று, 11/64 அங்குலத்துக்கும் 40 சுற்று என்று அது தன்போக்கில் ஓர் உலகம். இரும்புக் கடை முழுவதையும் கவிழ்த்துப் பார்த்தாலும் இந்த அளவில் ஒரு திருகாணி விழாது. ஆனால் இங்கே ஒரு சௌகரியம் உண்டு, அதைப் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். தைத்த ஆடைத் தொழிற்சாலைகளில் ஓடும் ஜூக்கி முதலான ஜப்பானிய மெசின்கள் இதே விசித்திர அளவுகளைத் தம் நியமமாக ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆகையால் தொழிற்சாலை மெசின் உதிரிப்பாகம் விற்கும் கடையில், சிங்கரின் பெயரைச் சொல்லாமல் புரியின் அளவைச் சொல்லிக் கேட்டால், பழம்பொருள் விலையில்லாமல் சில்லறை விலைக்கே பல திருகாணிகள் கிடைக்கக்கூடும். தலையின் உருவமும் நீளமும் சற்று வேறுபட்டிருக்கலாம். அரத்தால் ராவினால் தீர்ந்தது. அழகு பார்க்கிறவர்கள் வேண்டுமானால் குறைப்படட்டும்.

என் உறவினருக்கு நான் எழுதிய பதிலின் சாரமும் இதுவே. அவருடைய லீ-என்ஃபீல்ட் துவக்கின் பல திருகாணிகள் என்ஃபீல்ட் துவக்குத் தொழிற்சாலைக்கே உரிய அளவில் வெட்டப்பட்டவை; கடையில் தேடிப் பிரயோசனமில்லை, புதிதாகக் கடைவித்தால் துவக்கின் விலையில் கணிசமான பங்கு போய்விடும். அந்த வகைத் துவக்குகள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டு இலட்சக்கணக்கில் கழிக்கப்பட்டவை. கழிக்கப்பட்டவற்றைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கும் திருகாணி மலிவானது, பொருந்தவும் செய்யும். அதோடு, பின்கட்டையைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டைத் தொடுவதற்கு முன் முன்கட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்றும் எழுதினேன். போல்ட்டின் சதுர நுனி முன்கட்டைக்குள் சென்று பூட்டியிருப்பதால், பொறுமையிழந்து முதலில் போல்ட்டைத் திருகியவர்கள் முன்கட்டையைப் பிளந்திருக்கிறார்கள். ஒரு பொருளுக்கு மலிவான திருகாணி வேண்டுமானால், அதே இனத்தில் செத்துப்போன பொருளைத் தேடுவதே சிறந்த மார்க்கம். பழைய காருக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் அலைந்தவர்களுக்கு இது புதுச் செய்தியன்று.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளின் யுத்தகால இடப்பெயர்வுக்குப் பின் தீவகத்தில் பாழ்பட்டுப்போன வீடுகள் எத்தனை என்பதை அந்த ஒழுங்கைகளில் நடந்தவர்கள் அறிவார்கள். கூரை விழுந்த அறைகளுக்குள்ளும் கிணற்றடிக் கொட்டில்களுக்குள்ளும் துருவேறிய சைக்கிள் சட்டங்களும், மேசை உளுத்துப்போய் உடல் மட்டும் மிஞ்சிய தையல் மெசின்களும், நீரிறைக்கும் யந்திரங்களும் கிடந்தன, இன்னும் கிடக்கின்றன. பழைய இரும்பு வாங்குவோர் வந்து கிலோக் கணக்கில் நிறுத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இரும்புக் கடையில் எவ்வளவு தேடியும் கிடைக்காத 26 சுற்றுக் கப்பும், 40 சுற்றுத் தையல் திருகாணியும் அந்த நிறுவையில் சேர்ந்தே போகின்றன. வெளிப்புறம் எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும், எண்ணெய் ஊறிய உடலுக்குள் புதைந்திருந்த திருகாணி அநேகமாக நல்ல நிலையில் இருக்கும். சட்டத்தை நிறுவைக்குப் போடுங்கள், அதற்கு நான் தடை சொல்லவில்லை. திருகாணிகளைக் கழற்றிக்கொண்டு போடுங்கள். வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்தால் அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொள்வது மரியாதை.

கழற்றுவதிலும் ஒரு முறை உண்டு. உங்களிற் பலர் கையில் வைத்திருக்கும் ஸ்குறூ டிரைவரின் நுனி ஆப்பு வடிவமானது; அதைப் பழைய திருகாணியின் தலைப்பள்ளத்தில் வைத்து அழுத்தித் திருகினால் அது மேலே ஏறி வழுக்கி, பள்ளத்தின் விளிம்பைக் கிழித்துவிடும். துவக்குக் கொல்லர்கள் நுனியின் இரு பக்கமும் சமாந்தரமாக இருக்கும்படி தீட்டி, பள்ளத்தின் அடிவரை நிரம்பி உட்காரும் அளவுக்குச் சரிசெய்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒவ்வொரு நுனி. இதற்குப் பணம் வேண்டியதில்லை, சாணைக்கல் ஒன்றும் கால் மணி நேரமும் போதும். பள்ளத்திலுள்ள துருவை முதலில் ஊசியால் கிண்டி எடுத்து, மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு விட்டுவைத்து, மறுநாள் திருகாணியின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கமாகச் சற்று அசைத்துப் பின்பு கழற்றினால், பத்தில் எட்டு வந்துவிடும் என்று வேலணையில் ஒரு முதிய திருத்துநர் சொல்லக் கேட்டு, அவர் கழற்றுவதையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வராத இரண்டைச் சூடுகாட்டி எடுத்தார்.

உப்புக்காற்றைப் பற்றி உங்களுக்குப் போதிக்க எனக்குத் தகுதியில்லை. சோளகம் வீசும் மாதங்களில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிறுத்திய சைக்கிளின் கதி உங்களுக்குத் தெரியும். துருப்பிடிக்காத உருக்கில் செய்த திருகாணியை எங்கும் போட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் ஆபத்தானது. படகு யந்திரத்தின் அலுமினிய உடலில் அதைக் கிறீஸ் பூசாமல் போட்டால், உப்புநீர் இடையில் நின்று அலுமினியத்தைத் தின்றுவிடும்; திருகாணி பளபளவென்றிருக்கும், அதைப் பிடித்திருந்த உடல் வெள்ளை மாவாய் உதிரும். மரத்தில் பித்தளைத் திருகாணி போடும் தச்சர்கள் முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கி வழி பண்ணிக்கொண்டு, பிறகு சவர்க்காரம் தடவிப் பித்தளையை ஏற்றுவார்கள். வள்ளத்துக்கும் பெட்டகத்துக்கும் துவக்குக் கட்டைக்கும் அந்த முறை ஒன்றே.

சகோதரர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமன்று. புரியளவி என்னும் சிறு தகட்டுக்கொத்து ஒன்றை, அங்குலத்துக்கு ஒன்று மில்லிமீற்றருக்கு ஒன்றாக, ஒவ்வொரு பட்டறையும் வாங்கி வையுங்கள். அதன் விலை நீங்கள் கெடுக்கும் ஒரு சைக்கிள் சட்டத்தின் விலைக்கு அருகிலும் வராது. அதுவும் இயலாதாயின், அளவு தெரிந்த திருகாணிகளை வரிசையாக ஒரு பலகையில் பதித்துவைத்து, தெரியாததை அதன் பக்கத்தில் புரியோடு புரி படிய வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடைவெளியில் ஒளி தெரிந்தால் அது வேறு இனம். கழற்றிய திருகாணிகளை எல்லாம் ஒரே பேணியில் கொட்டாதீர்கள். 20 சுற்று, 26 சுற்று, 40 சுற்று, மில்லிமீற்றர் என்று பேணிக்குப் பேணி எழுதி ஒட்டுங்கள். இரண்டு சுற்று விரலால் ஏறி மூன்றாவதில் இறுகும் திருகாணியை அந்த இடத்திலேயே வெளியே எடுத்துவிடுங்கள், ஸ்பானரைத் தேடாதீர்கள்.

ஒரு தீவில் இல்லாதது மறு தீவில் இருக்கும். ஊர்காவற்றுறைக்காரரிடம் உள்ளது காரைநகருக்கு மிதவைப் பாதையில் ஏறிப் போகலாம். நயினாதீவில் மிஞ்சியது நெடுந்தீவுக்குப் படகில் போகலாம். குறிகட்டுவானுக்கு நாளாந்தம் வந்துபோகும் படகோட்டிகள் ஒரு காகிதப் பொட்டலத்தைச் சுமையென்று கருதமாட்டார்கள். உங்களிடம் உள்ள பேணிகளின் விவரத்தை எழுதி, மற்றத் தீவுகளில் உங்கள் தொழில் செய்பவருக்கு இம்மாதத்துக்குள் ஒரு பிரதி அனுப்புங்கள். இரும்பு லொறி அடுத்த முறை உங்கள் ஒழுங்கைக்கு வருமுன் அங்கே கிடக்கும் சட்டங்களின் திருகாணிகளைக் கழற்றிவிடுங்கள்.

இங்ஙனம்,
தீவகத்தான் ஒருவன்